ஒரே ஒழுங்கை, நான்கு வீடுகள்
வலுவிழந்தோருக்கான அரச உதவிகளிடையே உள்ள வேறுபாடுகளை விளங்கிக்கொள்வோம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோரக் கிராமம் ஒன்றிலே ஓர் ஒழுங்கை. அதன் இருமருங்கிலும் பனை வேலியும் தகர வேலியுமாகப் பதினைந்து இருபது வீடுகள். அவற்றுள் நான்கு வீடுகளில் வலுவிழந்தோர் வாழ்கின்றனர்.

முதலாவது வீட்டில் ஒரு கடற்றொழிலாளி. விறகு பொறுக்கச் சென்ற இடத்தில் மிதிவெடியில் ஒரு காலை இழந்தவர். இரண்டாவது வீட்டில் ஒரு சீவல் தொழிலாளி. பனையிலிருந்து விழுந்து முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுப் படுக்கையில் இருக்கிறார். மூன்றாவது வீட்டில் காலஞ்சென்ற அரச பாடசாலை ஆசிரியர் ஒருவரின் மகள். பிறப்பிலிருந்தே மூளைவாதம், வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. தாயாரே பராமரிக்கிறார். நான்காவது வீட்டில் ஓர் இளைஞன். கட்டட வேலைக்குக் கூலியாகச் சென்று, கலவை இயந்திரத்தில் வலது கை விரல்கள் நான்கையும் இழந்தவன்.

ஒருநாள் அந்த ஒழுங்கையில் பெரிய வாக்குவாதம். சீவல் தொழிலாளியின் மனைவி என்னிடம் வந்து பொரிந்து தள்ளினார்.

“பாதர், முன்வீட்டுக்காரருக்கு மாதம் மாதம் காசு வருது. ரீச்சர் வீட்டுக்குப் பென்சனும் வருது. என்ர மனுசன் எழும்பேலாமல் கிடக்கிறார், எங்களுக்கு ஒண்டுமில்லை. விதானையார் ஆள் பாத்துத்தான் எழுதுறார்.”

விதானையார் ஆள் பார்த்து எழுதினாரா என்பதை விசாரித்துப் பார்த்தேன். அப்படியொன்றும் நடந்ததாகத் தெரியவில்லை. நடந்தது வேறு. அந்தப் பெண் பொலித்தீன் பைக்குள் வைத்திருந்த படிவம் அவருக்குரிய படிவமே அல்ல. யாரோ ஒருவர் சொன்னதைக் கேட்டு, வேறொரு திட்டத்திற்கான விண்ணப்பத்தை நிரப்பி, அதற்குப் பதில் வரும் என எட்டு மாதங்களாகக் காத்திருந்திருக்கிறார். இதற்கிடையில் அயல் வீட்டாரோடு பேச்சும் நின்றுபோய்விட்டது.

எமது கிராமங்களில் இது புதிய கதையல்ல. “வலுவிழந்தோர் உதவிப்பணம்” என்று ஒரே பெயரில் நாம் அழைப்பது உண்மையில் ஒன்றல்ல, பல. ஒவ்வொன்றுக்கும் வேறு வேர் உண்டு. எந்த வேரிலிருந்து எந்த உதவி வருகிறது என்பதை அறியாவிட்டால், தட்டவேண்டிய கதவை விட்டுவிட்டு வேறு கதவைத் தட்டிக்கொண்டிருப்போம். ஆகவே அந்த நான்கு வீடுகளையும் கண்முன் வைத்துக்கொண்டு இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது வேர்: வறுமை

மிகப் பழையது பொதுசன மாதாந்த உதவிப்பணம். 1939ஆம் ஆண்டின் வறியோர் சட்டத்தில் இதன் தொடக்கம் இருக்கிறது. எமது முதியவர்கள் இதனைப் “பிச்சைச் சம்பளம்” என்றே சொல்வார்கள். மாகாண சபைகள் வந்தபின் இது மாகாண சமூக சேவைகள் திணைக்களத்தின் பொறுப்பாயிற்று. முதியோர், விதவைகள், நோயாளர், வலுவிழந்தோர் என வருமானமற்ற பலருக்கும் பொதுவானது. தொகை மிகச் சிறியது. நெடுங்காலம் மாதம் சில நூறு ரூபாவாகவே இருந்து வந்தது.

இரண்டாவது, வலுவிழந்தோருக்கென்றே வழங்கப்படும் மாதாந்தக் கொடுப்பனவு. இது மத்திய அரசினுடையது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க வலுவிழந்தோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒரு தேசிய சபையும் தேசிய செயலகமும் அமைந்தன. அந்தச் செயலகத்தின் வழியாகக் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களின் வலுவிழந்தோருக்கு இக்கொடுப்பனவு வழங்கப்படலாயிற்று. ஆரம்பத்தில் 3,000 ரூபா. பின்னர் 5,000 ஆயிற்று. 2024இல் 7,500 ஆகவும், 2025 ஏப்ரலிலிருந்து 10,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. சிறுநீரக நோயாளருக்கான கொடுப்பனவும் அதே அளவுக்கு உயர்ந்தது. முதல்வீட்டுக் கடற்றொழிலாளி பெறுவது இந்தக் கொடுப்பனவையே.

மூன்றாவது, அஸ்வெசும. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023 ஜூலையிலிருந்து நடைமுறைக்கு வந்தது. சமுர்த்தி உதவியின் இடத்தை இது எடுத்துக்கொண்டது. இங்கேதான் எம்மவர் பெரிதும் குழம்புகின்றனர். அஸ்வெசும குடும்பத்துக்கு வழங்கப்படுவது. வலுவிழந்தோர் கொடுப்பனவு ஆளுக்கு வழங்கப்படுவது. அஸ்வெசும குடும்பங்களை நான்கு வகையாகப் பிரித்தது. தொடங்கியபோது அவற்றுக்குரிய தொகைகள் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா. 2025 ஜனவரியிலிருந்து கடைசி இரண்டும் 10,000, 17,500 ஆக உயர்ந்தன. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என ஆறு துறைகளில் 22 அளவுகோல்களைக் கொண்டு குடும்பத்துக்குப் புள்ளியிடப்படுகிறது. வீட்டில் வலுவிழந்தவர் இருப்பது அப்புள்ளிகளில் ஒன்றாகச் சேருமேயன்றி, அது ஒன்றே குடும்பத்தைப் பட்டியலில் சேர்த்துவிடாது. எனவே அஸ்வெசும பட்டியலில் பெயர் வரவில்லை என்பதற்காக வலுவிழந்தோர் கொடுப்பனவும் இல்லை என்று முடிவுகட்டிவிடக்கூடாது. அதுபோலவே, அஸ்வெசும கிடைத்துவிட்டது, இனி ஆளுக்குரியதை ஏன் கேட்பான் என்று பேசாமலிருந்துவிடவும் கூடாது.

இம்மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. “உன்னிடம் இல்லை, ஆகையால் தருகிறோம்” என்பதே இவற்றின் அடிப்படை. ஆகவே இங்கே வலுவிழப்பை மட்டும் நிரூபித்தால் போதாது; வறுமையையும் நிரூபிக்க வேண்டும்.

சீவல் தொழிலாளியின் வீட்டில் இடறியது இதில்தான். முழுநேரப் பராமரிப்புத் தேவைப்பட்டதால் அவர்கள் மனைவியின் தமையன் வீட்டிலே குடியிருந்தார்கள். தமையன் கல்வீடு கட்டியவர். மோட்டார்ச் சைக்கிள் வைத்திருப்பவர். கணக்கெடுக்க வந்தவர் அவ்வீட்டை ஒரே குடும்பமாகக் கண்டார். சமையல் வேறு, வருமானம் வேறு என்பதை எடுத்துச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தமையனுடைய கூரையை இவருடைய செல்வமாக எழுதிக்கொண்டால் படுக்கையில் கிடப்பவருக்கு என்ன மிஞ்சும்?

இரண்டாவது வேர்: உழைப்பு

நான்காம் வீட்டு இளைஞனின் கதை வேறு. விரல்கள் போன பின் ஒப்பந்தக்காரர் வைத்தியசாலைக்கு வந்தார். இருபத்தையாயிரம் ரூபாவைக் கொடுத்து, ஒரு கடதாசியில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார். “நல்ல மனிசன், வந்து பாத்தவர்” என்று வீட்டார் நன்றியோடு சொன்னார்கள்.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தை அந்த வீட்டில் எவரும் கேள்விப்பட்டதில்லை. வேலை காரணமாகவும் வேலையின்போதும் ஏற்படும் காயத்துக்கு நட்டஈடு கொடுப்பது வேலைகொள்வோரின் கடமை என்று அச்சட்டம் சொல்கிறது. எந்த உறுப்பை இழந்தால் உழைக்கும் ஆற்றலில் எத்தனை வீதம் குறைகிறது என்பதற்கு அட்டவணையே உண்டு. வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் நேரும் விபத்துக்களையும் 2022ஆம் ஆண்டின் திருத்தம் உள்ளடக்கியது. இது தர்மமல்ல. வறுமையை இங்கே நிரூபிக்க வேண்டியதில்லை. ஒருவர் வசதியானவராயினும் விரல் போனது போனதே. ஒப்பந்தக்காரர் வாங்கிய கையெழுத்தோடு உரிமை முடிந்துவிட்டதென்றும் கருதிவிடக்கூடாது. சட்டம் தந்த நட்டஈட்டை ஒரு கடதாசியால் கைகழுவிவிட முடியாது. தொழில் அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். வேலையாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் கோரிக்கை வைக்க வேண்டும். தாமதம் உரிமையைக் கெடுக்கும். வேலை செய்ததற்குச் சாட்சி, சம்பளம் பெற்றதற்கு ஏதாவது எழுத்து, வைத்தியசாலை அட்டை ஆகிய மூன்றையும் விபத்து நடந்த வாரத்திலேயே சேர்த்து வைப்பது நன்று.

நிரந்தர வேலையில் இருந்து ஊழியர் சேமலாப நிதிக்குப் பணம் கட்டியவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. சாதாரணமாக ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் பெறக்கூடிய அந்நிதியை, இனி வேலை செய்ய முடியாதபடி நிரந்தரமாக வலுவிழந்தவர் அதற்கு முன்னரே பெற்றுக்கொள்ளலாம். அது அவருடைய சொந்தச் சேமிப்பு. அதைக் கேட்க எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

மூன்றாவது வேர்: சந்தா

எமது மக்களில் பெரும்பாலோர் எவரிடமும் சம்பளம் பெறுபவர்கள் அல்லர். தோட்டம் செய்கிறார்கள், கடலுக்குப் போகிறார்கள், பனை ஏறுகிறார்கள். இவர்களுக்கு வேலைகொள்வோர் என்று ஒருவர் இல்லை. ஆகவே நட்டஈட்டுச் சட்டம் இவர்களைத் தொடுவதில்லை. இந்தக் குறையை நிரப்பவே 1987இல் விவசாயிகளுக்கும், 1990இல் கடற்றொழிலாளருக்கும் ஓய்வூதிய, சமூகப் பாதுகாப்புத் திட்டங்கள் சட்டமாக்கப்பட்டன. 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சமூகப் பாதுகாப்புச் சபை ஏனைய சுயதொழில் செய்வோரைச் சேர்த்துக்கொண்டது. முதுமைக்கு ஓய்வூதியம் தருவது இவற்றின் முதல் நோக்கம். ஆனால் இடையில் வலுவிழந்தோருக்கான நன்மைகளும் இவற்றில் உண்டு என்பதைச் சந்தா கட்டியவர்களே பலர் அறியார்.

ஆயினும் இவற்றின் விதி எளியது; கடுமையானது. விழுவதற்கு முன் சேர்ந்திருக்க வேண்டும். விழுந்த பின் சேர முடியாது. எங்கள் சீவல் தொழிலாளி எதிலும் சேர்ந்திருக்கவில்லை. குடாநாட்டில் இத்திட்டங்கள் மக்களுக்கு அறிமுகமாக வேண்டிய ஆண்டுகளில் இங்கே போரும் இடப்பெயர்வுமே நடந்துகொண்டிருந்தன. சந்தா கட்டச் சொல்லி வீடுவீடாக வர யார் இருந்தார்கள்? இதைச் சொல்வது பழி சுமத்துவதற்கல்ல. இன்று பனை ஏறும் இளைஞனுக்கு அந்தச் சாட்டு இல்லை என்பதற்காகவே.

நான்காவது வேர்: உறவு

மூன்றாம் வீட்டுத் தாயார் பெறுவது வலுவிழந்தோர் உதவியல்ல. அது கணவனின் அரச சேவைக்காகக் கிடைக்கும் விதவைகள் ஓய்வூதியம். கணவன் உயிரோடிருந்தபோது சம்பளத்திலிருந்து மாதந்தோறும் கழித்துக் கட்டியது. அயலவர் பொறாமைப்பட இதில் ஏதுமில்லை.

அந்தத் தாயாரின் உறக்கத்தைக் கெடுத்த கேள்வி வேறு. “நான் கண்ணை மூடினால் பிள்ளையின்ர கெதி என்ன, பாதர்?” அவர் அறியாதிருந்தது இதுதான். அநாதைகள் ஓய்வூதியம் சாதாரணமாகக் குறித்த வயதோடு நின்றுவிடும். ஆனால் அந்த வயதெல்லைக்கு முன்னரே வலுவிழந்து, தானாக உழைத்து வாழ முடியாதிருக்கும் பிள்ளைக்கு அது வாழ்நாள் முழுவதும் தொடரலாம். இதற்கு வேண்டியது, வலுவிழப்பு எப்போது தொடங்கியது என்பதைக் காட்டும் பத்திரங்கள். தாயார் இறந்த பின், முப்பது வருடங்களுக்கு முந்திய வைத்தியசாலை அட்டையைத் தேடிக்கொடுக்க எவருமிரார். ஆகவே பெற்றோர் உயிரோடிருக்கும்போதே மருத்துவச் சான்றுகளைச் சேர்த்து, பிரதேச செயலக ஓய்வூதியப் பிரிவில் விபரத்தைப் பதிந்து வைக்க வேண்டும். குடாநாட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர், எழுதுவினைஞர், தபால் ஊழியர் வீடுகள் எத்தனை! அவற்றுள் இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர்! இப்பகுதியை வாசிப்பவர்கள் தமக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்காவது இதை எடுத்துச் சொன்னால் நன்று.

ஐந்தாவது வேர்: போர்

மறுபடியும் முதலாவது வீட்டுக்கு வருவோம். மிதிவெடி அவரது காலை எடுத்தது. அதே வகையான வெடியில் காலை இழந்த படைவீரருக்குச் சம்பளமும் பின்னர் ஓய்வூதியமும் கிடைக்கின்றன. அவரது நலனைக் கவனிக்க 1999இல் தனியாக ஓர் அதிகாரசபையே சட்டத்தினால் அமைக்கப்பட்டது. கடற்றொழிலாளிக்கு அவ்வாறில்லை. இயக்கத்திலிருந்து காயமுற்றுப் புனர்வாழ்வு பெற்று வந்தவர்களுக்கும் இல்லை. அவர்கள் யாவரும் நாம் முதலிற் கண்ட வறுமையின் வரிசையிலேயே நிற்க வேண்டியவர்கள்.

பொதுமக்களுக்கென இருந்தது 1987ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான புனர்வாழ்வு அதிகாரசபை. அதன் பணிகள் 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் இழப்பீடுகளுக்கான அலுவலகத்துக்குச் சென்றன. அங்கே கிடைப்பது ஒருமுறைக்குரிய இழப்பீடு, மாதாந்தக் கொடுப்பனவல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணி, “ஒருக்கால் காசு எடுத்திட்டன், இனிக் கேட்கேலாது” என்று மாதாந்தக் கொடுப்பனவுக்கு விண்ணப்பியாது விட்டவர்களைச் சந்தித்திருக்கிறேன். அது தவறான எண்ணம்.

2017 டிசம்பரில் இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்துகொண்டது. வெடியால் பாதிக்கப்பட்டோரைப் பராமரிக்கும் பொறுப்பும் அவ்வுடன்படிக்கையில் அடங்கியுள்ளது. முகமாலையில் நிலத்தைத் துப்புரவாக்குவதை நாம் பாதையோரத்தில் கண்ணாற் கண்டோம். நிலத்தைத் துப்புரவாக்குவது போல ஒரு காலைத் திரும்ப முளைக்கச் செய்ய முடியாது. அதனால் அந்தப் பொறுப்பு வெடி அகற்றுவதோடு முடிவதில்லை. காலிழந்தவரின் ஆயுள் உள்ளவரை நீள்கிறது.

இல்லாத ஒரு வேர்

எமது உறவினர் பலர் வெளிநாடுகளில் இருக்கின்றனர். அவர்களைக் கேட்டால் அங்கும் இதே குழப்பம் உண்டென்பது தெரியும். கனடாவில் உழைத்துச் சந்தா கட்டியவர் வலுவிழந்தால் கனடா ஓய்வூதியத் திட்டத்திலிருந்து பெறுவது ஒன்று. ஒன்ராறியோ மாகாணம் வருமானமற்ற வலுவிழந்தோருக்குக் கொடுப்பது வேறொன்று. எமது மூன்றாவது வேரும் முதலாவது வேருமே அவை. தமிழ்நாட்டிலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கு மாதாந்தப் பராமரிப்பு உதவி உண்டு. 2023இல் அது 2,000 இந்திய ரூபாவாக உயர்த்தப்பட்டது.

ஆனால் பிரித்தானியாவில், 2013இல் அறிமுகமான தனிநபர் சுயாதீனக் கொடுப்பனவு என்று ஒன்று இருக்கிறது. அது வருமானத்தைக் கேட்பதில்லை. வேலை செய்கிறாயா என்றும் கேட்பதில்லை. வலுவிழந்து வாழ்வதற்கு மற்றவரைவிட அதிகம் செலவாகிறது, அந்தச் செலவில் பங்கேற்போம் என்பதே அதன் கருத்து. இந்த வேர்தான் எமது நாட்டில் இல்லை.

அதன் குறைவை நாம் நாளாந்தம் காண்கிறோம். எல்லோரும் பஸ்சில் போகும் வைத்தியசாலைக்குச் சீவல் தொழிலாளி முச்சக்கர வண்டி பிடித்துத்தான் போகவேண்டும். படுக்கைப் புண்ணுக்கு மருந்து, சிறுநீர்க் குழாய், பராமரிப்பதற்காக மனைவி இழந்த கூலி ஆகிய எவையும் வருமானக் கணக்கில் ஏறுவதில்லை. மறுபுறம், முதல்வீட்டுக் கடற்றொழிலாளி ஜெய்ப்பூர் கால் பொருத்திக்கொண்டு வலை பின்னத் தொடங்கியபோது அவர் என்னிடம் இரகசியமாகக் கேட்டது, “உழைக்கிறன் எண்டு தெரிஞ்சால் காசை வெட்டிப்போடுவினமோ?” என்பதே. எழுந்து நிற்க முயலும் மனிதனை மறைந்து உழைக்கவைக்கும் திட்டம் திருத்தப்படவேண்டிய திட்டம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட இலங்கையரில் 8.7 வீதமானோர் ஏதாவதொரு செயற்பாட்டில் கஷ்டமுடையோர். வலுவிழந்தோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை 2016இல் இலங்கை ஏற்றுக்கொண்டது. ஆகவே இதைக் கேட்பது கெஞ்சுவதாகாது.

கிராமத்தில் நாம் செய்யக்கூடியவை

முதலில், ஒரே கேள்வியோடு தொடங்குங்கள். “இவருக்கு என்ன குறை?” என்பதோடு நின்றுவிடாமல், “இது எப்படி, எப்போது, என்ன செய்துகொண்டிருக்கையில் ஏற்பட்டது?” என்று கேளுங்கள். வேலையிலா, போரிலா, பிறப்பிலா? சந்தா கட்டியிருந்தாரா? பெற்றோர் அரச ஊழியரா? பதிலிலேயே செல்ல வேண்டிய அலுவலகம் தெரிந்துவிடும். ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வேர்கள் இருக்கலாம் என்பதையும் மறவாதீர்கள்.

இரண்டாவதாக, பத்திரங்கள். பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, வைத்தியசாலை அட்டைகள், அரச வைத்தியரின் சான்றிதழ், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், வங்கிப் புத்தகம். இவற்றின் பிரதிகளை ஒரு கோவையிலிட்டு வீட்டிலும், இன்னொன்றை நம்பிக்கையானவரிடமும் வைத்திருங்கள். இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்த எமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மூன்றாவதாக, வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள். எந்த விண்ணப்பத்தைக் கொடுத்தாலும் ஒரு பிரதியில் திகதியும் கையொப்பமும் பெறுங்கள். மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 2023இல் அஸ்வெசும பெயர்ப்பட்டியல் வெளியானபோது நாடெங்கும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் சென்றன. மேன்முறையீடு செய்வது அதிகாரியோடு சண்டை பிடிப்பதல்ல. சட்டம் காட்டிய வழி.

நான்காவதாக, இவ்வேலையைத் தனியே விடாதீர்கள். மாதர் சங்கம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம் ஆகியவற்றில் ஏதாவதொன்று ஒரு கொப்பியைத் திறந்து, ஊரிலுள்ள வலுவிழந்தோரின் பெயர், வேர், விண்ணப்பித்த திகதி, கிடைத்த பதில் ஆகியவற்றைக் குறித்து வரலாம். சமூக சேவை உத்தியோகத்தருக்கும் இது பேருதவி. அவர்கள் பெரும் பிரிவுகளைக் கவனிப்பவர்கள். எல்லா ஒழுங்கைகளுக்கும் அவர்களால் வர இயலாது.

அந்த ஒழுங்கைக்குத் திரும்புவோம். சீவல் தொழிலாளியின் மனைவி தனிக் குடும்பமாகப் பதிவுசெய்து, உரிய படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். காத்திருப்போர் வரிசையில் சில மாதங்கள் கழிந்த பின் கொடுப்பனவு வரத் தொடங்கிவிட்டது. ஆசிரியர் வீட்டுத் தாயார் மகளின் பழைய அட்டைகளை ஒரு றங்குப் பெட்டியின் அடியில் கண்டெடுத்தார். இளைஞனின் கோரிக்கை இன்னும் முடியவில்லை. ஒப்பந்தக்காரர் அவனைத் தமக்குத் தெரியாதென்கிறார். கூட வேலை செய்தவர்களுள் இருவர் சாட்சி சொல்ல முன்வந்திருக்கிறார்கள்.

மாதமுடிவில் வங்கிக்குப் போகும்போது முதல்வீட்டுக்காரரும் இரண்டாம் வீட்டுப் பெண்ணும் இப்போது ஒரே முச்சக்கர வண்டியில் கூலியைப் பகிர்ந்துகொண்டு போகிறார்கள். அண்மையில் ஒருநாள் வழியில் கண்டு, “எங்கே பயணம்?” என்று கேட்டேன். முன்னரென்றால், “பிச்சைச் சம்பளம் எடுக்க” என்று தலையைக் குனிந்துகொண்டிருப்பார்கள்.

“எங்கட காசு எடுக்க, பாதர்,” என்றார் அந்தப் பெண்.